தாடைக்குத் துணையாள்

மாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்குப் பந்து காளீஸ்வரனின் வாயில் பட்டது.

அவர் நடுவர். விசில் வாயில்தான் இருந்தது. பந்து விசிலை அடித்தது, விசில் பல்லை அடித்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியில் முறிந்தது. பந்து நடுவர் மேல் பட்டால் ஹாக்கியில் ஆட்டம் தொடரும் என்பது விதி. அவர் கையை ஆட்டித் தொடரச் சொன்னார். பிறகுதான் ரத்தத்தைத் துப்பினார்.

பகலில் அவர் தீப்பெட்டித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர். மாலையில் கோவில்பட்டி மைதானங்களில் நடுவர். தீர்ப்புச் சொல்ல அரை செகண்டு போதும் என்பதால் ஆட்டக்காரர்கள் அவரை ‘அரை செகண்டு அண்ணாச்சி’ என்றார்கள். சொன்ன தீர்ப்பை அவர் மாற்றியதில்லை. ஒருமுறை அரையிறுதியில் கூட்டத்துக்குள் இருந்து யாரோ விசில் ஊதிவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் திகைத்து நின்ற நேரத்தில் கோல் விழுந்தது. காளீஸ்வரன் கோலை ரத்து செய்தார். கூட்டத்தைப் பார்த்து, ஊதியது யார் என்று கேட்டார். பதில் வரும்வரை ஆட்டம் தொடங்காது என்றார். பதில் வரவில்லை. பொழுது அடைந்தது. இரண்டு அணிகளும் ஸ்டிக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயின.

கரிசல் ஹாக்கி நடுவர் பேரவையின் மாநிலத் தேர்வுக்கு இந்த வருடம்தான் அவர் பெயர் போயிருந்தது. தேர்வு மாசியில். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். தேர்வின் முதல் கேள்வி விசில். மைதானத்தின் ஒரு மூலையில் ஊதினால் எதிர்மூலையில் நிற்பவர் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் இரண்டாம் கேள்வி கிடையாது.

பல் முறிந்தது புரட்டாசியில்.

மார்க்கெட் ரோட்டில் மாடியில் இருந்த பல் டாக்டர் பிச்சையா மீதி வேரை எடுத்தார். இழுக்கவில்லை. மெல்லிய தகடு ஒன்றை வேருக்கும் எலும்புக்கும் நடுவில் விட்டு, சுற்றிச் சுற்றி அசைத்து, நேரம் எடுத்து எடுத்தார். கூட வந்திருந்த மனைவி செல்வலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. எதற்கு இவ்வளவு மெதுவாக என்று கேட்டாள்.

“பல்லுக்கு முன்னால இருக்க எலும்புச் சுவரு தீக்குச்சிக் கனந்தான், தாயி. இழுத்தா அதும் சேந்து வந்துரும்.”

மற்றதைக் காளீஸ்வரனிடம் சொன்னார். பல் இருக்கும்வரைதான் அந்தச் சுவர் இருக்கும். பல் போனதும் கரையத் தொடங்கும். முதல் சில மாதங்களில்தான் அதிகம் கரையும். அதற்குள் ஒரு டைட்டானியத் திருகை ஊன்றிவிட்டால், எலும்பு அதை வேர் என்று நம்பிப் பிடித்துக்கொள்ளும். திருகின் மேல் பல்லைக் கட்டலாம். ஈறு ஆறியதும் தானே ஊன்றித் தருவதாகவும், ஈறைக் கொஞ்சம் கீறி விரிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

செல்வலட்சுமி கீறுவது என்ற சொல்லில் நின்றுவிட்டாள். புறவழிச் சாலையில் புதிதாக ஒரு மையம் வந்திருப்பதாகவும், அங்கே கத்தியே கிடையாது என்று ஆட்டோவில் விளம்பரம் போவதாகவும் சொன்னாள்.

“நல்ல முறைதான்,” என்றார் பிச்சையா. “கம்ப்யூட்டர்ல அளந்து, ஈறைத் திறக்காம, சின்னத் துளை வழியா ஊணுதது. எங்கிட்ட அந்த மெசினு இல்லை. போங்க. ஆனா சீக்கிரம் போங்க.”

அந்த வாரம் காளீஸ்வரன் ஊதிப் பார்த்தார். விசிலுக்குள் போக வேண்டிய காற்று பல் போன சந்து வழியே போனது. வாயின் ஓரத்தில் வைத்து ஊதினால் சத்தம் வந்தது. ஆனால் அரை செகண்டு தாமதமாக வந்தது. அந்த அரை செகண்டில் பந்து கோலுக்குள் இருந்தது. கழற்றி மாட்டும் பல் ஒன்று வாங்கினார். முதல் ஆட்டத்திலேயே விசிலோடு சேர்ந்து அதுவும் பறந்தது. கோல்கீப்பர் அதைக் காலால் தடுத்து வெளியே தள்ளினார். விதிப்படி அது நல்ல தடுப்பு.

மையம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. வாசலில் பலகை: கரிசல் தாடையெலும்புக் காப்பு மையம். அதன் கீழே ‘குறைவாகத் தொடுவோம், நிறைவாகக் காப்போம்’. முதலில் அந்த இடத்தில் ‘தீண்டாமையே எங்கள் சிகிச்சை’ என்று எழுதியிருந்தார்கள். சுற்று ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். ஒரு அதிகாரி வந்து படித்தார். வேறு சொல் கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலையே கிடைத்தது.

உள்ளே மணமேடை அப்படியே இருந்தது. மேலே இரண்டு வெல்வெட் நாற்காலிகள். மாப்பிள்ளை நாற்காலியில் இயக்குநர் டாக்டர் நவநீதகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். பெண் நாற்காலியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரித் தாடை இருந்தது.

காலையில் உறுதிமொழி. ஊழியர்களும் நோயாளிகளும் எழுந்து வலது கையைத் தாடையில் வைத்தார்கள். எலும்பைக் காப்பேன். ஈறை மதிப்பேன். தேவையின்றித் தொடேன். தேவையிருந்தாலும் யோசிப்பேன். வலது தாடை வீங்கி வந்திருந்த ஒருவர் இடது கையை வைத்தார். அவரை மட்டும் திரும்பச் சொல்ல வைத்தார்கள்.

வரவேற்பு மேசையில் இருந்த ஐஸ்வர்யா பெயரைக் கேட்டாள். எழுதினாள். பிறகு ஒரு பச்சை அட்டையை உயர்த்தி அவர் முன்னால் நீட்டினாள்.

ஹாக்கியில் பச்சை அட்டை காட்டினால் ஆட்டக்காரர் இரண்டு நிமிடம் வெளியே போய் உட்கார வேண்டும். காளீஸ்வரன் எத்தனையோ பேருக்கு அதைக் காட்டியிருக்கிறார். அவருக்கு யாரும் காட்டியதில்லை. கால் தானாகத் திரும்பியது. என்ன தவறு செய்தோம் என்று யோசித்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு நிமிடம் முடிந்ததும் உள்ளே வந்தார்.

“எங்க போனீய? ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு.”

“வெளிய.”

“யாரு போகச் சொன்னா?”

“நீதானம்மா பச்சை காட்டுன.”

பச்சை என்றால் உடனே உள்ளே போக வேண்டும் என்று ஐஸ்வர்யா விளக்கினாள். அதைத் தவறவிட்டால் அடுத்த பச்சை தீபாவளி கழித்து. அவர் ஒரு நடுவரைப் போல வாதாடாமல் ஏற்றுக்கொண்டார். விதி தெரியாதது ஆட்டக்காரரின் குற்றம்.

ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு மழைக்காக உழுது கிடந்தது.

தீபாவளிக்குப் பிறகு வந்தபோது உளுந்து முளைத்திருந்தது. அன்று ஸ்கேன் எடுத்தார்கள். படம் திரையில் வந்ததும் டாக்டர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். முன்சுவர் முழுசாக நின்றது. பிச்சையாவின் கைவேலை. யாரும் பிச்சையாவைப் பற்றிக் கேட்கவில்லை. அருமையான எலும்பு என்று டாக்டர் நவநீதகிருஷ்ணன் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். காளீஸ்வரனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

“இனி இந்த எலும்புக்கு எந்த ஆபத்தும் இல்லை,” என்றார் இயக்குநர். “சர்வரில் ஏற்றியாகிவிட்டது.”

“வாயில இருக்கதுக்கு, டாக்டர்?”

“அதற்கு நீங்கள் பொறுப்பு.”

வேறு எந்தக் கையும் வாயைத் தொட அனுமதிப்பதில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இளைய டாக்டர் கிருஷ்ணப்ரியா அதை நீட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றே ஊன்றலாமே என்று காளீஸ்வரன் கேட்டார். அதற்குப் பதிலாக இயக்குநர் மைக்கை எடுத்தார். கல்யாண மண்டபத்தின் ஒலிபெருக்கிகள் இன்னும் நன்றாக வேலை செய்தன.

“நான் படித்த காலத்தில் ஈறை முப்பது மில்லிமீட்டர் கீறுவோம். எலும்பை அம்மணமாக்கித்தான் வேலை. ரத்தம், தையல், வீக்கம். அந்த வன்முறையில் நானும் பங்கு கொண்டேன். பிறகு பத்து மில்லிமீட்டருக்கு வந்தேன். பிறகு நான்கு. பிறகு கீறலே இல்லாமல் ஒரு துளை. அங்கேயும் நான் நிற்கவில்லை. என் விரல் ஒரு நோயாளியின் வாய்க்குள் போய் இன்றைக்கு ஒன்றரை வருடம். இந்த ஒன்றரை வருடத்தில் ஒருவருக்கும் ரத்தம் வரவில்லை. ஒரு தையல் பிரியவில்லை. ஒரு திருகு தோற்கவில்லை. இந்த நாட்டில் வேறு யார் இப்படிச் சொல்ல முடியும்?”

யாராலும் சொல்ல முடியாது என்பதை நோயாளிகள் ஒப்புக்கொண்டார்கள்.

“அப்ப பல்லு?” என்றார் காளீஸ்வரன்.

“பல் ஒரு விளைவு. எலும்புதான் லட்சியம்.”

கார்த்திகையில் ஸ்கேனை வைத்து அவருடைய மேல்தாடையை இயந்திரத்தில் அச்செடுத்தார்கள். வெள்ளை நிறம். முன்பல் இருந்த இடத்தில் குழி. செல்வலட்சுமி பார்த்துவிட்டு, சிரிக்கும்போது இப்படித்தான் இருக்கும் என்றாள். ஒத்திகை இந்தத் தாடையில்தான் நடந்தது. கிருஷ்ணப்ரியா செய்தாள். ஒரு வழிகாட்டித் தகட்டைப் பொருத்தி, அதன் துளை வழியே, சாய்வு மாறாமல் திருகை இறக்கினாள். சுத்தமான வேலை. காளீஸ்வரனே பார்த்தார். அடுத்தது தன் முறை என்று நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

டாக்டர் நவநீதகிருஷ்ணன் மூடச் சொன்னார். முதல் நோயாளி குணமாகும் முன்னால் இரண்டாம் நோயாளியைத் தொடுவது அறம் ஆகாது. எலும்பு திருகைப் பிடிக்கச் சில மாதம் ஆகும். அச்செடுத்த தாடையை அதுவரை கண்காணிக்க வேண்டும்.

“அது பிளாஸ்டிக்குல்லா, டாக்டர்.”

“அதனால்தான் கூடுதல் கவனம் தேவை.”

தாடையை மணமகள் அறையில் ஒரு கட்டிலில் கிடத்தினார்கள். ஏசி போட்டார்கள். கட்டிலின் காலில் காய்ச்சல் அட்டை தொங்கியது. எந்த ஆஸ்பத்திரியிலும் நோயாளிக்குத் துணையாள் ஒருவர் வேண்டும். தாடைக்கு நெருங்கிய சொந்தம் யார் என்று ஐஸ்வர்யா கேட்டாள். சட்டப்படி காளீஸ்வரன்தான். அவரிடம் மஞ்சள் அட்டையை நீட்டினாள்.

இந்த முறை அவர் வெளியே போகவில்லை. ஹாக்கியில் மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம். “எத்தனை நிமிசம்?” என்று மட்டும் கேட்டார்.

“டிஸ்சார்ஜ் வரைக்கும், அண்ணாச்சி.”

தொழிற்சாலையில் இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு பகலில் தாடையின் பக்கத்தில் உட்கார்ந்தார். துணையாள் எழுந்துபோனால் நோயாளியின் பெயர் வரிசையில் இருந்து நீங்கும் என்பது விதி. மதியம் ஆறின கஞ்சி வந்தது. நோயாளி சாப்பிடவில்லை என்று நர்ஸ் எழுதினாள். மறுநாளும் எழுதினாள். மூன்றாம் நாள் டாக்டர் நவநீதகிருஷ்ணன் வந்து, தாடைக்கு நம்பிக்கை ஊட்டுவது துணையாளின் கடமை என்று கண்டித்தார். தொழிற்சாலையில் இருந்து இரண்டு பேர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். பையை யார் பக்கத்தில் வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் கட்டிலில் வைத்தார்கள்.

செல்வலட்சுமி ஒரு நாள் சோற்றுத் தூக்கோடு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“நீங்க நோயாளியா, துணையாளா?”

“துணையாளு.”

“உங்க அம்மை ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒரு நாளு இப்படி உக்காந்தீயளா?”

அவர் தூக்கைத் திறந்து சாப்பிட்டார். வலது பக்கமாகவே மென்றார். ஜன்னலுக்கு வெளியே உளுந்து பூத்திருந்தது.

தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ஒரு தீக்குச்சியைப் பக்கத்துப் பற்களுக்குக் குறுக்கே படுக்க வைப்பது அவர் வழக்கமாயிற்று. ஐப்பசியில் குச்சி ஈறைத் தொட்டது. கார்த்திகையில் குச்சிக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு தாள் போகும் இடம் இருந்தது. மார்கழியில் இன்னொரு குச்சி போனது. நாக்கு அந்தப் பள்ளத்துக்குள் தானாக இறங்கியது. பேசும்போது இறங்கியது. தூக்கத்தில் இறங்கியது. தொழிற்சாலையில் குச்சிகளை எண்ணும்போதும் இறங்கியது. தாடையோ அப்படியே இருந்தது. அதன் முன்சுவரில் ஒரு தூசிகூடக் குறையவில்லை. அவர் சில மதியங்களில் அதைப் பொறாமையோடு பார்த்தார்.

பொங்கல் அன்று ஒரு நாள் மையம் விடுமுறை. அவர் பிச்சையாவின் மாடிக்கு ஏறினார். கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றி முதலில் சொன்னார். பிச்சையா தொடாமலே பார்த்தார். டார்ச் மட்டும் அடித்தார்.

“இன்னும் கொஞ்சம் இருக்கு. தை தாண்டுனா இருக்காது. நாளைக்குக் காலைல வாங்க, நான் ஊணிருதேன். கீறத்தான் செய்யணும்.”

காளீஸ்வரன் அரை செகண்டில் முடிவு எடுத்தார். வாரேன் என்றார்.

படி இறங்குவதற்குள் போன் வந்தது. ஐஸ்வர்யா. தாடை டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. நாளைக் காலை அவருக்கு அறுவை. இயக்குநரே செய்கிறார். காளீஸ்வரன் படியில் நின்றார். மேலே பார்த்தார். பிச்சையாவின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீறாமல் ஊன்றும் இயந்திரம் அங்கே இல்லை. அது இருக்கும் இடத்தில் அவருடைய தாடை இத்தனை நாள் படுத்திருந்தது. அவர் மேலே ஏறவில்லை. சொன்ன தீர்ப்பை அவர் மாற்றியது அது முதல் முறை.

மறுநாள் மையத்தில் அவருக்குப் பச்சை உடுப்பு மாட்டினார்கள். தலைக்கு மேல் விளக்குகள். வாயை அகலத் திறக்கச் சொன்னார்கள். மரத்துப்போக ஊசி எங்கே என்று கேட்டார். தேவைப்படாது என்றார்கள். அறையில் அவரைத் தவிர எல்லோரும் திரையைப் பார்த்து நின்றார்கள். திரையில் அவருடைய தீபாவளி எலும்பு. டாக்டர் நவநீதகிருஷ்ணன் கையுறை மாட்டி, ஒரு பிடியை மெல்ல அசைத்தார். திரையில் துளை விழுந்தது. திருகு இறங்கியது. மேலே பல் வந்து உட்கார்ந்தது. வெள்ளையாக, அழகாக இருந்தது. அறை முழுவதும் கைதட்டல்.

“முடிந்தது,” என்றார் இயக்குநர்.

காளீஸ்வரன் நாக்கை மேலே கொண்டுபோனார். பள்ளம்.

“ஒண்ணுமே தெரியலையே, டாக்டர்.”

“அதுதான் வெற்றி. வலிக்கிறதா?”

“இல்லை.”

“ரத்தம்?”

“இல்லை.”

“எழுதிக்கொள்ளுங்கள்,” என்றார் இயக்குநர் கிருஷ்ணப்ரியாவிடம். “உலகின் முதல் பூஜ்ஜியத் தொடுகை அறுவை. நோயாளிக்கு ஒரு குறையும் இல்லை.”

வாசலில் ஐஸ்வர்யா சிவப்பு அட்டை கொடுத்தாள். அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். டிஸ்சார்ஜ், இனி உள்ளே வரத் தேவையில்லை என்றாள். இந்த ஒரு அட்டைக்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே பொருள்.

பின்வாசலில் கிருஷ்ணப்ரியா நின்றாள். கையை வெள்ளைக் கோட்டின் பைக்குள் விட்டிருந்தாள். தான் போன வாரம் அவருக்கு எடுத்த படத்தை யாருக்கும் காட்டவில்லை என்றாள். வெளியே ஈறைப் பார்த்தால் எலும்பு இன்னும் கொஞ்சம் இருப்பதுபோலத் தெரியும், உள்ளே முன்சுவர் போய்விட்டது. இனி ஊன்ற வேண்டுமானால் முதலில் மோவாயில் இருந்து எலும்பை வெட்டி எடுத்து அங்கே வைத்துக் கட்ட வேண்டும். ஈறை முழுசாகத் திறக்க வேண்டும். அது பிடித்து ஆற அரை வருடம். அதன் பிறகுதான் திருகு.

“அதை இங்கன செய்வாகளா?”

“இங்க வெட்ட மாட்டோம் சார். கொள்கை.”

“பெறகு ஏம்மா முன்னாலயே சொல்லலை?”

அவள் மண்டபத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “எனக்கு இன்னும் அனுபவச் சான்றிதழ் தரலை சார்.”

வெற்றி விழா மாசியில் வைத்தார்கள். உளுந்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே வெடித்த கரிசல் மண் மட்டும் கிடந்தது. மண்டபத்தில் சீரியல் விளக்கு, வாழை மரம். மேடையில் ஒரு பெரிய பேனரில் காளீஸ்வரன் எல்லாப் பற்களோடும் சிரித்துக்கொண்டிருந்தார். விழாவுக்கு வர முடியாது என்று அவர் முதலில் சொல்லிவிட்டார். சிறப்பு விருந்தினர் யார் என்று தெரிந்ததும் வந்தார். நடுவர் பேரவையின் செயலாளர் ஆறுமுகசாமி.

சாப்பாட்டுக் கூடத்தில் ஆறுமுகசாமி அவரைத் தனியே அழைத்தார். செயலாளரின் பற்கள் புதிதாக வெளுத்திருந்தன. மையத்தின் விளையாட்டு ஆலோசகராக அவரை அமர்த்தியிருந்தார்கள்.

“நீ மைதானத்துக்கு வர வேண்டாம், காளீசு. விசில் மார்க்கை மேடையிலயே போட்டுருதேன். ஊதிட்டு வா.”

“பல்லு இல்லையே, அண்ணாச்சி.”

ஆறுமுகசாமி பேனரைக் காட்டினார். “இருக்குன்னுதான போட்டுருக்கு.”

“காத்துதான் வரும்.”

“வாயில வையி. அது போதும். மத்ததை அவிய பாத்துக்கிடுவாக.” அவர் குரலைத் தாழ்த்தினார். “உனக்கு அடுத்த வருசம் கிடையாது. அதை நெனச்சுக்கிட்டு மேடை ஏறு.”

மேடையில் இயக்குநர் இரண்டு படங்களைத் திரையில் காட்டினார். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. இரண்டும் ஒன்றுதான். எலும்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடக் குறையவில்லை என்றார். இந்த எலும்பு இன்னும் நூறு வருடம் இப்படியே இருக்கும், அதன் சொந்தக்காரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கும் என்றார். கூட்டம் கைதட்டியது. அடுத்த லட்சியம் என்ன என்று தன்னையே கேட்டுக்கொண்டு, நோயாளி மையத்துக்கு வராமலே சிகிச்சை என்று பதில் சொன்னார். கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

பிறகு காளீஸ்வரனை முன்னால் அழைத்தார்கள். செயலாளர் மடியில் மதிப்பெண் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தார். நாற்காலியின் கைப்பிடியில் பேரவையின் மாநில நடுவர் சட்டை மடித்த மடிப்புக் கலையாமல் தொங்கியது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால்கூட அவர் பார்த்திராத நீலம்.

மண்டபம் அமைதியானது. அவர் சட்டைப் பையில் இருந்து விசிலை எடுத்தார். நாக்கு பள்ளத்துக்குள் போய் வந்தது. கையை உயர்த்தினார். விசில் நெஞ்சு உயரத்துக்கு வந்தது.

விசில் ஒலித்தது.

நீளமாக, கூர்மையாக, பிசிறில்லாமல் ஒலித்தது. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு விசில் ஊதியதில்லை. கூரையின் நான்கு மூலைகளில் இருந்தும் வந்தது. வெளியே சாலையில் ஒரு ஷேர் ஆட்டோ பிரேக் போட்டது. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. ஆறுமுகசாமி தாளில் பத்துக்குப் பத்து என்று எழுதி, கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். நீலச் சட்டையை எடுத்து விரித்துக்கொண்டு வந்தார். டாக்டர் நவநீதகிருஷ்ணன் மைக்கைக் காளீஸ்வரனின் வாயருகே நீட்டி, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

விசில் இன்னும் நெஞ்சு உயரத்தில்தான் இருந்தது.

இரண்டாம் வரிசையில் செல்வலட்சுமி மட்டும் கைதட்டவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்தில் கிருஷ்ணப்ரியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டை அவர் தோளைத் தொட்டது. புதுத்துணி வாசம் வந்தது. முதல் முறையாக அவருக்கு அரை செகண்டுக்கு மேல் ஆனது.

விசிலைப் பைக்குள் போட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்தார். சட்டை தோளில் இருந்து வழுக்கி மேடையில் விழுந்தது. ஹாக்கியில் அதற்கு ஆட்டம் நிறுத்தம் என்று பொருள். கூட்டத்தில் பாதிக்கு மேல் கோவில்பட்டிக்காரர்கள். கைதட்டல் வரிசை வரிசையாக ஓய்ந்தது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

காளீஸ்வரன் மைக்குக்குக் குனிந்தார்.

“இப்ப ஊதுனது யாரு?”